ஃபகராவாவுக்கு ஜூலையில் போவதென்றால்

பிரெஞ்சு பாலினீசியாவின் துவாமோட்டு தீவுக்கூட்டத்தில் ரங்கிரோவாவுக்கு அடுத்த பெரிய பவளத்தீவு ஃபகராவா. நீளம் சுமார் 60 கி.மீ. நடுவில் காயல், சுற்றிலும் நூல் மாதிரி நிலம். கடல்நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் பெரிய வாய்கள் இரண்டு: வடக்கே கருவாயே, தெற்கே துமாகோஹுவா. ஜூலையில் முக்குளிக்க வருகிறவர்களுக்குத் தெற்கு வாய்தான் குறி. அங்கே சுமார் 700 சாம்பல் சுறாக்கள் உண்டு. முட்டையிடத் திரளும் களவா மீன்களை ஆய்வாளர்கள் எண்ணியபோது கணக்கு 17,000-ஐத் தொட்டது.

முதலில் பௌர்ணமியைப் பாருங்கள், டிக்கெட் அப்புறம். களவா ஆண்டுக்கு ஒருமுறைதான் இங்கே முட்டையிடும். ஜூன் அல்லது ஜூலை பௌர்ணமியை ஒட்டி. பௌர்ணமிக்குச் சில வாரம் முன்பே வந்து பாறையோடு பாறையாகக் கிடக்கும். ஜூனிலேயே முட்டையிட்டுவிட்டால் ஜூலையில் களவாக் கூட்டம் இருக்காது, சுறா மட்டும்தான். அதனால் ஜூன் பௌர்ணமி கழிந்ததும் தங்குமிடத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: "களவா இன்னும் இருக்கிறதா?"

ஊர் நாள்காட்டியை நம்பி எண்ணினால் ஒரு நாள் தவறலாம். ஃபகராவா இந்திய நேரத்துக்கு 15½ மணி பின்னால். 2027 ஜூன் பௌர்ணமி இந்தியாவில் 19-ஆம் தேதி காலை. அங்கே 18-ஆம் தேதி பிற்பகல். ஜூலையில் இரண்டு இடத்திலும் 18-தான். அந்த ஆண்டுக்கு என் கணக்கு இப்படி: ஜூலை 13-ஆம் தேதி வடக்கே உள்ள ரோட்டோவா கிராமத்தில் இறங்கி ஓர் இரவு, 14 முதல் ஐந்து இரவு தெற்கு வாயருகே உள்ள டெட்டமானுவில், 19-ஆம் தேதி திரும்பி ரோட்டோவாவில் ஓர் இரவு, 20-ஆம் தேதி விமானம்.

ரோட்டோவாவிலேயே தங்கிக்கொண்டு தெற்குக்கு ஒரு நாள் போய்வரலாமே என்று தோன்றும். ஜூலையில் அது சூதாட்டம். மராஆமு என்ற தென்கிழக்குக் காற்று கிளம்பினால் நாள்கணக்கில் வீசும். தீவு வடமேற்கு–தென்கிழக்காகக் கிடப்பதால் படகு போகும்போது முழுக்க எதிர்க்காற்று. நல்ல நாளிலேயே ஒன்றரை, இரண்டு மணி நேரம். மோசமான நாளில் படகே எடுக்க மாட்டார்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் நீரோட்டத்தில் இருக்கிறது. வாயில் முக்குளிப்பது தண்ணீர் உள்ளே வரும் நேரத்தில்தான். திறந்த கடலின் தெளிந்த நீர் வரும், ஓட்டம் உங்களைக் காயலுக்குள் கொண்டுவந்து விடும். வெளியே ஓடும் நேரத்தில் நீர் கலங்கல். கடலுக்குத் தள்ளப்படும் ஆபத்தும் உண்டு. ஓதப் பட்டியலை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியலை, வைத்து இதைக் கணிக்கப் பார்ப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு. ஜூலை தென்கோளத்துக் குளிர்காலம், தெற்கிலிருந்து பெரிய அலைகள் வரும். தெற்கு, மேற்கு விளிம்பில் பல இடங்களில் நிலமே இல்லை, வெறும் பாறைத்திட்டு. அலை அதைத் தாண்டிக் காயலை நிரப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீருக்கு வெளியேற இந்த வாய்களை விட்டால் வழி ஏது? ஆகவே பட்டியல் 'ஏற்றம்' என்று சொல்லும் நேரத்திலும் ஓட்டம் வெளியே இருக்கலாம்; உள்ளோட்டம் கொஞ்ச நேரத்தில் முடிந்தும் போகலாம். ஐந்து இரவு என்று சொன்னது இதற்காகத்தான்.

உள்ளோட்டம் கிடைத்த நாளில், வெளிவிளிம்பில் இறங்கிப் பாறைக் குழிவுக்குள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். சுறாக்கள் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, வாலை லேசாக அசைத்தபடி நிற்கும். அடியில் வயிறு புடைத்த களவா அசையாமல் கிடக்கும். சரசரவென்று சில ஆண் களவாக்கள் ஒரு பெண் களவாவைத் துரத்திக்கொண்டு மேலே பாய்ந்தால், பின்னால் வெள்ளைப் புகைபோல விந்து கலங்கும். அடுத்த நொடி சுறாவும் பாயும். ஆழம் 30 மீட்டரை நெருங்கும். அதற்கான சான்றிதழ் இல்லாமல் வரவேண்டாம். நீர் 26 டிகிரிதான், அசையாமல் இருக்கும்போது குளிரும். 5 மி.மீ. உடுப்பு எடுங்கள், படகில் போட்டுக்கொள்ள, காற்றுப் புகாத சட்டை ஒன்றும்.

விசாவில் பலர் இடறுகிறார்கள். பிரெஞ்சு பாலினீசியா ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் இல்லை. விசா வேண்டிய பாஸ்போர்ட் என்றால், சாதாரண ஷெங்கன் விசா இருக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க நுழைவு அனுமதி தேவை.

டஹிட்டித் தீவில் உள்ள தலைநகர் பப்பீட்டேயிலிருந்து ஃபகராவாவுக்குச் சிறிய ஏடிஆர் விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஜூலையில் டஹிட்டியில் ஹெய்வா விழா, பள்ளி விடுமுறை வேறு. இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். உள்ளூர் விமானம் ஏர் டஹிட்டி, வெளிநாட்டிலிருந்து வருவது ஏர் டஹிட்டி நுயி. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பப்பீட்டேயில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள், ரொக்கமும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் ஃபிராங்கின் மதிப்பு யூரோவோடு பிணைக்கப்பட்டது: 1 யூரோ 119.33 ஃபிராங்க்.

கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் குறைந்தது 18 மணி நேரம் இருக்கட்டும். 19-ஆம் தேதி காலையில் இறங்கினால், 20-ஆம் தேதி பிற்பகல் விமானமாகப் பார்த்துப் போடுங்கள்.