வறண்ட நாக்கும் நிற்காத சிறுநீரும்

ஏழு வயதில் என் மகள் மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்கியபோது, ஏதோ பயம் என்று நினைத்துக்கொண்டோம். ஓயாமல் தண்ணீர் கேட்டதை வெயிலின் கணக்கில் எழுதினோம். மூன்றாம் வாரம் வாந்தியும் வயிற்றுவலியும் வந்தன. அஜீரணம் என்று மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிறுநீரோ நிறையப் போய்க்கொண்டே இருந்தது. வாந்தியால் நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீர் குறைய வேண்டுமே என்று எங்களில் ஒருவருக்கேனும் தோன்றியிருந்தால், விரல்நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் இது நீரிழிவு என்ற உண்மையை அன்றே சொல்லியிருக்கும்.

அன்றிரவு, படுத்திருந்தபடியே, வெகுதூரம் ஓடி வந்தவளைப் போல ஆழமாக மூச்சு வாங்கினாள். மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை அடித்தது.

முதல் வகை நீரிழிவில் இன்சுலின் இல்லாமல் போவதால், இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் அதைப் பயன்படுத்த இயலாத உடல் கொழுப்பைக் கரைக்கிறது. அதில் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. அந்த மூச்சிரைப்பு, அமிலத்தைக் குறைக்க நுரையீரல் படும் பாடு. இதுவே கீட்டோஅசிடோசிஸ். நோய் இருப்பதே தெரியாத குழந்தைகள் பலர் இந்நிலையில்தான் முதன்முதலாக மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

சிகிச்சையிலும் அவசரம் ஆகாது. நீரிழப்பை 24 முதல் 48 மணி நேரத்தில் நிதானமாக ஈடுசெய்கிறார்கள். இன்சுலின் ஏறும்போது பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறக்கூடும் என்பதால் அதையும் அடிக்கடி அளக்கிறார்கள். நூறில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்ந்தாலும், உயிரைப் பறிப்பதில் முதலிடம் மூளை வீக்கத்துக்குத்தான். தலைவலி, குழப்பம், குறையும் நாடித்துடிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். செவிலியர் மணிக்கொருமுறை அவளை எழுப்பிப் பெயரைக் கேட்டதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நோய் தெரிந்த குழந்தைக்கும் இந்த ஆபத்து நீங்கிவிடுவதில்லை. காய்ச்சலில் சாப்பிடவில்லையே என்று இன்சுலினை அடியோடு நிறுத்துவது பெரும் தவறு. நோயுற்ற உடலுக்கு அது கூடுதலாகவே தேவைப்படலாம். அளவை மருத்துவரைக் கேட்டு மாற்ற வேண்டும், கீட்டோனையும் பார்க்க வேண்டும்.

எதிர்முனையில் தாழ்சர்க்கரை இருக்கிறது. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், நினைவுள்ள குழந்தைக்கு உடனே குளுக்கோஸ் கொடுக்கலாம். வலிப்பு வந்தாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். அப்போது இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் ஊசிதான். எங்கள் வீட்டில் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவளுடைய தம்பிக்கும் தெரியும்.