இரவு 1:12-க்கு அந்த ஐபி யார் கையில் இருந்தது?

கல்லூரிக்கு வெளியிலிருந்து வரும் சைபர் புகார் பெரும்பாலும் ரெண்டு வரிதான். 'உங்கள் ஐபியிலிருந்து எங்கள் சர்வருக்குள் நுழையப் பார்த்தார்கள். சோர்ஸ் போர்ட் 51344, நேரம் 19:42:10 யுடிசி.' இதைப் படித்துவிட்டு அன்று மாலை 7:42-க்கான லாகை, அதாவது கருவிகளின் பதிவை, புரட்டினால், சம்பந்தமே இல்லாத ஒரு மாணவர் மாட்டுவார். யுடிசி என்பது உலகப் பொது நேரம்; ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். நம் நேரப்படி அது மறுநாள் 1:12:10. தேதியே மாறிவிடுகிறது.

அடுத்து போர்ட், அதாவது ஒவ்வொரு இணைப்புக்கும் கிடைக்கும் எண். ஆயிரக்கணக்கானோர் ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் இருப்பதால், ஃபயர்வாலின் நாட் லாகில் (எந்த உள் ஐபி எந்த வெளி ஐபியாக, எந்தப் போர்ட்டில் வெளியே போனது என்ற பதிவு) போர்ட்டும் நொடியும் சேர்ந்து பொருந்தினால்தான் உள் ஐபி தெரியும். டிஸ்க் நிறைகிறது என்று அந்த லாகை அணைத்து வைத்திருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. ஃபயர்வால் கடிகாரம் ரெண்டு நிமிடம் தவறினாலும் வம்புதான். அதற்குள் அதே போர்ட் வேறொருவருக்குப் போயிருக்கலாம். எல்லாக் கருவிகளையும் என்டிபியில் (நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் முறை) கட்டச் சொல்வது இதற்காகத்தான்.

உள் ஐபியிலிருந்து டிஹெச்சிபி (உள் ஐபிகளைக் கருவிகளுக்குப் பிரித்துத் தரும் சேவை) பதிவு வழியாக மேக் முகவரி, அதாவது கருவியின் நெட்வொர்க் அடையாள எண், கிடைக்கும். இப்போதைய போன்கள் மேக்கை மாற்றிக்கொள்வதால் வைஃபை லாகின் பதிவும் வேண்டும். அதில் கிடைப்பதும் அக்கவுண்டின் பெயர்தான், செய்தவரின் பெயர் அல்ல. ஹாஸ்டலில் ஒரு பாஸ்வேர்டு அறை முழுக்கச் சுற்றும். பெயரைத் துறை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

மாட்டியது லேப் கம்ப்யூட்டர் என்றால் ரீஸ்டார்ட் கூடாது. பல லேப்களில் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருள் இருக்கும். தடயம் அதோடு போச்சு. நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். மெயில் அக்கவுண்ட் பறிபோயிருந்தால் பாஸ்வேர்டு மாற்றுவது பாதி வேலை. ஃபார்வர்டிங் விதி, ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன்கள், அனுமதி பெற்ற ஆப்கள் மூன்றையும் பார்க்காவிட்டால் திருடன் உள்ளேயேதான் இருப்பான்.

நம் சர்வரே உடைபட்டிருந்தால் சர்ட்-இன்னுக்கு (சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 28 ஆணைப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள்; லாக்குகள் 180 நாள் இருக்க வேண்டும். டிரஸ்ட் நடத்தும் கல்லூரிக்கு இது பொருந்துமா என்று வாதாடுவதைவிட அனுப்பிவிடுவது மேல். முழு விவரம் சேரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. தெரிந்ததை முதலில் அனுப்பலாம், மிச்சம் பிறகு. ஆறு மணி நேரம் வீணாவது பெரும்பாலும் முதல்வர் கையெழுத்துக்காகத்தான். யார் அனுப்புவது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள்.

இதெல்லாம் புகார் கண்ணில் பட்டால்தானே? ஐபி யாருடையது என்று காட்டும் ஹூயிஸ் பதிவில் ரிட்டயரானவரின் மெயில் இருக்கும். 'அப்யூஸ்' என்ற பொது முகவரி இருந்தாலும், புகாருக்குள் ஆபத்தான லிங்க் இருப்பதால் ஸ்பாம் ஃபில்டர் விழுங்கிவிடும். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் ஃபில்டரைத் தளர்த்திவிட்டு, ரெண்டு பேர் பார்வையில் வையுங்கள்.