பேஸ்மென்ட்டில் ஒரு ஷெர்மன்

சென்னையில் பிளாஸ்டிக் டாங்கி மாடல் கட்டிப் பழகிய கை, டொராண்டோவின் முதல் குளிர்காலத்தில் தடுமாறும். பெயின்ட்டைக் காற்றால் தூவும் அதே ஏர்பிரஷ், அதே டமியா நிறுவனப் பெயின்ட், அதே அளவு தின்னர். ஆனால் ஊசி முனையில் பெயின்ட் நிமிஷத்துக்கு ஒரு தடவை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடித்த பரப்பைத் தொட்டால் சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருக்கும். கோளாறு காற்றில் இருக்கிறது. வெளியே மைனஸ் 15 டிகிரியில் உள்ள காற்றில் ஈரம் மிகக் குறைவு. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அதை 21 டிகிரிக்குச் சூடாக்கி உள்ளே அனுப்பும்போது அறையின் ஈரப்பதம் 20, 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. கடலோர ஊரின் புழுக்கத்துக்குச் சரியாக இருந்த கலவை, இங்கே ஏர்பிரஷிலிருந்து பிளாஸ்டிக்குக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி காய்ந்து பொடியாகப் படிகிறது.

ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு தின்னர் என்றிருந்ததை ஒன்றரைப் பங்காக்குங்கள். 10 மி.லி. கலவைக்கு மூன்று நான்கு சொட்டு ரிடார்டர், அதாவது காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம், போதும். அதற்கு மேல் போனால் பெயின்ட் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். 15 செ.மீ. தூரத்தில் பிடித்த ஏர்பிரஷை 8 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அறையில் ஒரு ஹியூமிடிஃபயர் வைத்து ஈரப்பதத்தை 40க்கு ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிளாஸ்டிக்கில் ஏறும் நிலைமின்னூட்டமும் அப்போது குறையும். இல்லாவிட்டால் பேஸ்மென்ட் கார்ப்பெட்டின் நூல் தூசியெல்லாம் ப்ரைமர் எனும் அடிப்பூச்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜூலையில் நிலைமை தலைகீழ். பேஸ்மென்ட் ஈரம் கோத்துக்கொள்ளும். சீக்கிரம் காயும் காட்டமான லாக்கர் வார்னிஷ் சென்னை மழைக்காலத்தில் வெளுப்பது போலவே இங்கும் வெளுக்கும்.

வீட்டு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. புதிதாக வருபவர்கள் பலர் ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ ஒரு பேஸ்மென்ட்டில்தான் வாடகைக்குத் தொடங்குகிறார்கள். அடுத்த கதவுக்குப் பின்னால் ஃபர்னஸும் எரிவாயு வெந்நீர்த் தொட்டியும் இருக்கும். அங்கே லாக்கர் தின்னர் ஆவி போய்ச் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பெயின்ட் அடிக்க வைக்கும் பெட்டியான ஸ்ப்ரே பூத்தின் விசிறி 4 அங்குலக் குழாய் வழியாக அறைக் காற்றை வெளியே தள்ளும்போது வீட்டுக்குள் அழுத்தம் குறைகிறது. பழைய மாதிரி வெந்நீர்த் தொட்டியாக இருந்தால், புகைபோக்கி வழியே மேலே போகவேண்டிய புகை திரும்பி அறைக்குள் வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு மணமே கிடையாது. சோதிக்க ஒரு ஊதுபத்தி போதும். தின்னர் பாட்டில்களை எல்லாம் மூடி அப்புறப்படுத்திவிட்டு, வெந்நீர்த் தொட்டி எரியும் நேரத்தில் பூத்தை ஓடவிட்டு, தொட்டியின் மேல்பக்கத் திறப்பருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் உடனே விசிறியை நிறுத்துங்கள். இன்னொரு சன்னலை இரண்டு அங்குலம் திறந்து காற்று வர வழி செய்த பிறகே மறுபடி சோதியுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் வேலை செய்கிறதா என்பதை அதற்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒன்டாரியோவில் எரிவாயுச் சாதனம் உள்ள வீடுகளில் அது சட்டப்படி கட்டாயம்.

பேஸ்மென்ட்டும் மேல்மாடியும் பெரும்பாலும் ஒரே காற்றுக்குழாயைப் பகிர்ந்துகொள்கின்றன. நீங்கள் கீழே அடிக்கும் லாக்கரின் நெடி சில நிமிஷத்தில் வீட்டுக்காரரின் சமையலறைக்குப் போய்விடும். அதனால் குளிர்காலத்தில் லாக்கரை ஒதுக்கிவிட்டு டமியாவின் எக்ஸ்-20ஏ தின்னரில் கரைத்த அக்ரிலிக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏர்பிரஷைக் கழுவ மருந்துக்கடையில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். அதுவும் தீப்பற்றும் பொருள்தான் என்பதை மறக்கவேண்டாம். முகக்கவசம் என்.95 என்றால் துகளை மட்டுமே தடுக்கும். ஆவிக்குக் கரிம ஆவி கார்ட்ரிட்ஜ் போட்ட ரப்பர் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது. அழுக்குத் தின்னரைச் சமையலறை சிங்க்கில் ஊற்றாமல் கண்ணாடி பாட்டிலில் சேர்த்துவைத்தால், நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

ஊரிலிருந்து வரும்போது கிட் பெட்டிகளைத் தாராளமாகக் கொண்டுவரலாம். தின்னர், லாக்கர், ஸ்ப்ரே பெயின்ட் டப்பா ஆகியவற்றை விமானத்தில் எந்தப் பையிலும் வைக்க முடியாது. இங்கே தபாலில் வாங்கினாலும் ஜனவரியில் வாங்காதீர்கள். நீரில் கரையும் அக்ரிலிக் வாசல் பெட்டியில் ஓர் இரவு உறைந்துவிட்டால், உருகிய பிறகு தயிர் மாதிரி திரிந்து கட்டிகட்டியாக நிற்கும். எத்தனை குலுக்கினாலும் சரியாகாது. வருஷத்துக்குத் தேவையானதை அக்டோபருக்குள் வாங்கிவைத்துவிடுங்கள்.

எதைக் கட்டுவது? ஆவடி தொழிற்சாலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டாங்கி என்றால் விஜயந்தாவும் அர்ஜுனும்தான். இங்கே அது ஷெர்மன், இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க டாங்கி. ஒன்டாரியோவின் லண்டன் நகரில் விக்டோரியா பூங்காவில் 'ஹோலி ரோலர்' நிற்கிறது. கியூபெக்கின் ஷெர்புரூக்கில் 'பாம்' நிற்கிறது. இரண்டும் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் கரையேறி, போர் முடியும்வரை ஓடியவை. ஸ்கார்பரோவிலிருந்து கிழக்கே ஓஷாவாவில் ஒன்டாரியோ ரெஜிமென்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழைய கவச வாகனங்களை ஓட்டியே காட்டுகிறார்கள். புகைப்படத்தில் நூறு தடவை பார்த்தும் பிடிபடாத விஷயம், ஓடிவிட்டு வந்து நின்ற டாங்கியின் சக்கரத்தருகே குனிந்து பார்த்தால் விளங்கிவிடும். கேமராவோடு போங்கள், மேல்தகட்டையும் பின்புறத்தையும் மறக்காமல் எடுங்கள்.

கனடியப் படையின் இரண்டாம் கவசப் பிரிகேட் ஓட்டியவை பெரும்பாலும் ஷெர்மன் 3, அதாவது எம்4ஏ2. நான்காம் கவச டிவிஷனிடம் இருந்தது ஷெர்மன் 5, எம்4ஏ4. ஷெர்மன் 5இன் உடல் அதிக நீளம். சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையான டிராக்கில் ஒரு பக்கத்துக்கு 83 இணைப்புகள். ஷெர்மன் 3க்கு 79. கிட் வாங்கும்போது பெட்டியின் படத்தை நம்பாமல் இதைப் பாருங்கள். 1/35 அளவில் எம்4ஏ2 ஏறக்குறைய 17 செ.மீ. நீளம் வரும், சின்ன மேசையிலேயே கட்டிவிடலாம்.

பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டங்களான ஸ்ப்ரூக்களை வெதுவெதுப்பான நீரிலும் பாத்திர சோப்பிலும் கழுவிக் காயவிடுங்கள். பாகத்தை 1 மி.மீ. தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 600 எண் உப்புத்தாளால் தேயுங்கள். ஷெர்மனில் ஒரு பக்கத்துக்கு மூன்று போகிகள் (சக்கரங்களைத் தாங்கும் அமைப்புகள்), ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம். பசை காய்வதற்குள் வண்டியை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, பன்னிரண்டும் தரையில் படுகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு நின்றால் கடைசிவரை கண்ணை உறுத்தும். டரட், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதி, வார்ப்பு எஃகு. அதன்மேல் கூழ் புட்டியை முரட்டுத் தூரிகையால் குத்திக்குத்தி வைத்து, காய்ந்த பிறகு 400 தாளால் மேலாகத் தேய்த்தால் வார்ப்பின் சொரசொரப்பு வந்துவிடும். உடலின் பக்கத் தகடுகள் வழவழப்பானவை. அங்கே இதைச் செய்யாதீர்கள். முன்பக்கம் மூக்குப் போல நிற்கும் கியர் உறை மட்டும் மறுபடி வார்ப்பு.

கனடிய ஷெர்மனின் அடையாளம் உடல் முழுக்கப் பற்றவைத்த டிராக் துண்டுகள். கூடுதல் கவசமாகச் சொந்த டிராக்கையும், கைப்பற்றிய ஜெர்மன் பேந்தர் டாங்கியின் டிராக்கையும் வைத்தார்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பற்றவைப்பு தெரியவேண்டும். ஸ்ப்ரூவைச் சூட்டில் இழுத்து நூலாக்கி, ஓரமாக ஒட்டி, மெல்லிய பசையால் இளக்கி, கத்தி முனையால் பிறைபிறையாக அழுத்துங்கள்.

பெயின்ட்டுக்கு டமியா எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப் அடிப்படை. காற்றழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ, மூன்று மெல்லிய பூச்சு. இவ்வளவு சின்ன வண்டியில் அந்தப் பச்சை உண்மையைவிடக் கறுத்துத் தெரியும். மேல்பரப்புகளுக்கு மட்டும் எக்ஸ்எஃப்-57 பஃப் ஒன்றிரண்டு பங்கைப் பத்துப் பங்குக்குக் கலந்து அடியுங்கள். டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) வைக்கும் இடத்தில் எக்ஸ்-22 பளபளப்பு அடித்து ஒரு நாள் விடவேண்டும். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி வெள்ளியாக மின்னும். டரட்டின் குறி ரெஜிமென்ட்டின் உட்பிரிவான ஸ்குவாட்ரனைச் சொல்வது: ஏ முக்கோணம், பி சதுரம், சி வட்டம், தலைமையகம் சாய்சதுரம்.

இனி அழுக்கு. ஷெர்மனில் அதிகம் கெடுவது இங்கேதான். டிராக் முழுவதையும் துருப்பிடித்த பழுப்பில் அடித்துவிடுகிறார்கள். அந்த வண்டியின் டிராக்குகளில் பல ரப்பர் கட்டைகள், ரப்பர் துருப்பிடிக்காது. எக்ஸ்எஃப்-85 ரப்பர் கறுப்பை அடித்து, பக்கத்து இணைப்பான்களையும் உள்பல்லையும் மட்டும் பென்சில் கிராஃபைட்டால் தேய்த்து உலோகமாக்குங்கள். ஜெர்மன் டைகர் போல டிராக்கைத் தொங்கவிடவும் கூடாது. ஷெர்மனின் டிராக் இறுக்கமாகவே ஓடும்.

கீறலும் அளவோடு வேண்டும். 1/35இல் 0.3 மி.மீ. புள்ளி என்றால் நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர். ஸ்பாஞ்சு துண்டில் கரும்பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி ஒற்றியெடுத்துவிட்டு, ஹேட்ச் (ஆட்கள் ஏறி இறங்கும் மூடி) விளிம்பிலும் ஆட்கள் காலை வைத்து ஏறும் இடத்திலும் மட்டும் ஒற்றுங்கள். சில வாரமே களத்தில் ஓடிய வண்டிக்கு இருபது வருஷத் துரு வராது.

எனாமல் வாஷை, அதாவது நீர்க்கக் கரைத்த அடர்நிறப் பெயின்ட்டை, மூலை முடுக்குகளில் விட்டு, அரை மணி கழித்து ஒயிட் ஸ்பிரிட் நனைத்த தூரிகையால் துடைப்பது எல்லோரும் செய்வதுதான். பளபளப்புப் பூச்சு போடாத வெறும் பிளாஸ்டிக்கில் அது தேங்கினால், இறுக்கிப் பொருத்திய அச்சு ஒரு வாரத்தில் பிஸ்கட் போல உடையும். போகிகளுக்கு அடியில் தூரிகையைச் சொட்டச் சொட்ட நனைக்காமல் ஈரமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பேஸ்மென்ட்டில் ஆயில் பெயின்ட் காய ஊரைவிட இரண்டு மூன்று மடங்கு நாள் பிடிக்கும். அவசரப்பட்டு மேலே வார்னிஷ் அடித்தால் சுருங்கிவிடும்.

தூசியின் நிறத்தில் ஊர்ப்பாசம் குறுக்கே வரும். நம் கை தானாகச் செம்மண்ணுக்குப் போகிறது. கான் நகரைச் சுற்றியுள்ள நார்மண்டிச் சமவெளி சுண்ணாம்புப் பூமி. 1944 ஆகஸ்டில் ஃபலேஸ் சாலையில் கிளம்பியது வெளிறிய மணல்நிறத் தூசி. எக்ஸ்எஃப்-57ஐ ஒன்பது பங்கு தின்னரில் கரைத்து, 10 பிஎஸ்ஐயில் கீழ்ப்பகுதியில் மட்டும் மூடுபனி போல அடியுங்கள். அதே படை அக்டோபரில் நெதர்லாந்தின் ஷெல்ட் முகத்துவாரத்தில் போரிட்டபோது ஒட்டியது சாம்பல் கலந்த கரும்பழுப்புக் களிமண். இரண்டையும் ஒரே வண்டியில் கலந்தால் எந்த மாதம், எந்த இடம் என்பதே போய்விடும். பிக்மென்ட் எனும் நிறப்பொடியோடு பிளாஸ்டர் பொடியும் மேட் மீடியமும் கலந்து, நறுக்கிய நார் கொஞ்சம் சேர்த்தால் சேறு தயார். புதுச் சேறு மினுங்கும், காய்ந்தது வெளுக்கும். சக்கரத்தருகே இரண்டும் இருக்கவேண்டும்.

சேறு எங்கே எப்படிப் படிகிறது என்பதற்கு இந்த நாட்டில் பாடம் தெருவிலேயே கிடைக்கிறது. பிப்ரவரியில் சாலை உப்பு தெறித்த பேருந்தையோ மண் லாரியையோ பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் விசிறி போல ஏறியிருக்கும். கைபடும் கதவுப்பிடியைச் சுற்றி மட்டும் சுத்தமாக இருக்கும். உருகிய பனி வழிந்த கோடு மேலே மெலிந்து கீழே அகலும். நிறத்தை விட்டுவிட்டு அந்த வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பலகைக்கு ஊர் மண்ணைக் கொண்டுவர ஆசை வரும். வெளிநாட்டு மண்ணை அனுமதியில்லாமல் கனடாவுக்குள் விடமாட்டார்கள், முயற்சிக்கவேண்டாம். நிலம் உறைவதற்கு முன், அக்டோபரில் கொல்லைப்புறத்தில் ஒரு கிண்ணம் அள்ளி, பழைய தட்டில் பரப்பி ஓவனில் 100 டிகிரியில் அரை மணி வைத்து, டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள்.

முடிந்த வண்டியை எங்கே வைப்பது என்பதும் யோசிக்கவேண்டியது. சூடான காற்று வரும் துளைக்கு மேல் வைத்தால் டிராக் வினைல் சுருங்கிச் சக்கரத்தை இழுக்கும். நம் வீடுகளுக்கு வருபவர்களில், போர்க்காலத்தில் ஊரில் நிஜக் கவச வாகனம் தெருவில் வந்ததைப் பார்த்து ஓடியவர்கள் உண்டு. வரவேற்பறை அலமாரியை விட, வேலை செய்யும் அறையே அதற்கு ஏற்ற இடம்.

வாடகை வீடு என்றால் இரண்டு வருஷத்தில் மாறவேண்டிவரும். மாடலைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் போட்டால் ஹேட்ச், கொக்கி, விளக்குக் காவல் எல்லாம் பஞ்சோடு வந்துவிடும். கட்டும்போதே வயிற்றுத் தகட்டின் உள்ளே இரண்டு 3 மி.மீ. நட்டுகளை எபாக்ஸி வைத்து ஒட்டிவிடுங்கள். மாறும் நாளில் அடியிலிருந்து போல்ட் போட்டு ஒரு பலகையில் இறுக்கி, அந்தப் பலகையைப் பெட்டியின் தரையில் திருகினால், வண்டியை எதுவும் தொடாது. டரட்டைத் தனியாக எடுத்துச் சின்ன டப்பாவில் வைக்கவும். ஆன்டெனாக்களை ஒட்டாமல் வெறுமனே செருகியிருந்தால், உருவி எடுத்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் டேப் போட்டுவிடலாம்.