இரண்டு பேர் உட்காரும் சோபாவுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

எங்கள் பழைய ஸ்பீக்கர்கள் பதினேழு ஆண்டுகள் உழைத்தன. சென்ற சித்திரையில் ஒரு நாள் இடப்பக்கப் பெட்டியிலிருந்து காகிதம் கிழிவதைப் போன்ற சத்தம் வரவே, முன்பக்கத் துணியைக் கழற்றிப் பார்த்தேன். கூம்பின் விளிம்பைச் சுற்றியிருந்த நுரைவளையம் விரல் பட்டதும் நமத்துப்போன ரஸ்க்கைப் போல உதிர்ந்தது. திருவான்மியூரின் ஈரக்காற்றில் அது இத்தனை காலம் தாங்கியதே பெரிது. வளையத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் வீட்டுக்கடன் முந்தைய ஆண்டோடு தீர்ந்திருந்தது. இந்த முறை நல்லதாகவே ஒன்று வாங்கிவிடுவோம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டோம். இந்தத் தொகை என் மாமியாருக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் இருவரின் காதுகளும் ஒரே பாட்டில் வெவ்வேறு இடங்களில் போய் நிற்பவை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் மின்பொறியாளர், ஆனால் கேட்பது என்று வந்தால் எனக்குக் குரல்தான் எல்லாம். பாடுபவர் மூச்சு வாங்கும் இடம், ஒரு சொல்லின் கடைசி மெய்யெழுத்து எப்படி அடங்குகிறது என்பது, தம்புராவின் தந்திக்கடியில் வைக்கும் நூலான ஜீவா சீராக இரைந்துகொண்டிருக்கிறதா என்பது ஆகியவற்றைத்தான் என் காது தேடும். என் கணவர் பள்ளி நாட்களில் ஒன்பது ஆண்டுகள் மிருதங்கம் கற்றவர். எந்தக் கச்சேரியைப் போட்டாலும் அவருக்கு இடக்கைப் பக்கமான தொப்பியில்தான் கண். வலக்கைப் பக்கமான வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சான கரணை, மேற்சுரங்களை ஒழுங்குபடுத்தி அதற்குத் திட்டமான சுருதியைத் தருவதை சி.வி.ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார் என்பதை, எங்களுக்குத் திருமணமான முதல் ஆண்டிலேயே அவரிடம் கேட்டு அறிந்துகொண்டேன். கும்கி வாசிக்கும்போது தொப்பியின் நாதம் வழுக்கி மேலேறும் அந்த அரை விநாடி ‘பொம்’ என்று ஒரே உருண்டையாகக் கேட்டால், அந்த ஸ்பீக்கரை அவர் மறுபடி திரும்பிப் பார்க்க மாட்டார்.

முதலில் போன கடையில், கேள்விகளையெல்லாம் நான் கேட்க, விற்பனையாளர் பதில்களையெல்லாம் என் கணவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) எவ்வளவுக்கு இறங்கும் என்று நான் கேட்டதற்கு, “மேடத்துக்கு வெள்ளைக் கலரிலும் இருக்கு சார்” என்று அவரிடம் பதில் வந்தது. என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அந்தக் கடைக்கு நாங்கள் மறுபடி போகவில்லை.

வேறு இரண்டு கடைகளில் ஏழெட்டு ஜோடிகளைக் கேட்டபின் பட்டியல் மூன்றாகச் சுருங்கியது. ஒன்று, இங்கிலாந்தின் ஹார்பெத் பி3ஈஎஸ்ஆர். இரண்டாவது, அதே நாட்டின் கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா. மூன்றாவது, டென்மார்க்கின் டைனாடியோ நிறுவனம் தன் நாற்பதாவது ஆண்டையொட்டி 2017-இல் கொண்டுவந்த ஸ்பெஷல் ஃபார்ட்டி. முதல் இரண்டும் ஏறக்குறைய பங்காளிகள். 1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்னஞ்சிறு பெட்டியை வடிவமைத்தது. அதற்குள் இருந்தவை கேஇஎஃப் செய்த ஒலியெழுப்பும் யூனிட்டுகள். 1977-இல் ஹார்பெத்தைத் தொடங்கிய ஹார்வுட், பிபிசியின் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். வேனுக்குள் ஒடுங்கி உட்கார்ந்து பேச்சுக் குரலைச் சரிபார்த்தவர்களின் வழியில் வந்த பெட்டிகள் குரலுக்குப் பேர்போனவையாக இருப்பதில் வியப்பில்லை. பதினான்கடிக்குப் பதினோரடி கொண்ட எங்கள் கூடமும் கிட்டத்தட்ட ஒரு வேன்தான்.

கடையில் கேட்பதில் உள்ள பெரிய பொறி சத்தத்தின் அளவு. ஒரே ஆம்ப்ளிஃபையரில், குமிழை அசைக்காமல் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிக் கேட்டால், எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே நிறைவாகவும் தெளிவாகவும் இருப்பதாகக் காது சொல்லிவிடும். ஹார்பெத்தின் உணர்திறன், அதாவது ஒரே மின்திறனுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு, 83.5 டெசிபல், டைனாடியோவுக்கு 86. இந்த இரண்டரை டெசிபல் வேறுபாட்டைச் சரிசெய்ய ஹார்பெத்துக்கு ஏறக்குறைய 1.8 மடங்கு மின்திறன் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் ஒப்பிடுவது, ஒருவரைப் பக்கத்திலும் மற்றவரை அடுத்த அறையிலும் உட்காரவைத்துப் பேசச் சொல்லிவிட்டு யார் குரல் இனிமை என்று கேட்பதற்குச் சமம். ஆகவே கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலியைத் திறந்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே இரைச்சல் கோப்பை ஓட்டி, சோபாவில் தலை இருக்கும் இடத்தில் ஒரே எண் வரும்வரை குமிழைத் திருப்பினோம். கைபேசியின் எண் துல்லியமானதல்ல. ஆனால் ஒப்பிடுவதற்கு அது போதும்.

இரண்டாவது பொறி, நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள் என்பது. பதினெட்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தபின், பக்கத்தில் இருப்பவர் தலையை ஒரு கோணத்தில் சாய்த்தாலே அவர் மனம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்தவுடன், ஒன்று அதற்கு ஒத்துப்போகத் தோன்றும், அல்லது அன்றைக்குக் காலையில் நடந்த சண்டையைப் பொறுத்து மறுக்கத் தோன்றும். எனவே ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். கடைக்குள் ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, வெளியே வந்து காபி குடிக்கும்போதுதான் நோட்டுகளை மாற்றிக்கொள்வது என்று விதி வைத்தோம்.

மூன்று சனிக்கிழமைகளின் நோட்டுகளில் முடிவு மாறவே இல்லை. அவருக்கு டைனாடியோ முதல், எனக்கு ஹார்பெத் முதல், கேஇஎஃப் இருவருக்கும் இரண்டாவது. டைனாடியோவின் பதினேழு சென்டிமீட்டர் கூம்பில் தொப்பி உண்மையாகவே தோலும் காற்றுமாக எழுந்து வந்தது. அதை நானும் மறுக்கவில்லை. ஹார்பெத்தில் அறுபதுகளின் வானொலிக் கச்சேரிப் பதிவொன்றைக் கேட்டபோது, நாடாவின் இரைச்சல் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, பாடகி மட்டும் முன்னால் வந்து அமர்ந்துகொண்டார். ‘இதை ராத்திரி பூரா கேட்கலாம்’ என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன். அதே பதிவுக்கு அவர் நோட்டில் இருந்த குறிப்பு: ‘மிருதங்கக்காரர் கை கழுவப் போயிருக்கிறாரா?’

இந்த இழுபறியில் எங்களைக் கரை சேர்த்தது ஒரு நாற்காலி. இரண்டாவது கடையின் கேட்பறையில் நடுவில் சாய்வு நாற்காலி ஒன்றுதான் இருந்தது. ஒருவர் அதில் உட்கார்ந்து கேட்க, மற்றவர் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் முறைக்காகக் காத்திருந்தோம். நான்காவது வாரம் பின்னால் காத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: இப்படி ஒருவர் நடுவில் உட்கார்ந்து கேட்பது எங்கள் வீட்டில் ஒருநாளும் நடக்கப்போவதில்லை. சாப்பிட்டு முடித்து ஒன்பதரை மணிக்கு மேல் இருவரும் சோபாவில் உட்கார்ந்து கேட்பதுதான் எங்கள் வழக்கம். அந்தச் சோபாவின் நடு இடத்தில் இருப்பது மடித்து வைக்காத துணிக்குவியல்.

நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கர்களுக்கிடையே 2 மீட்டர், அவற்றிலிருந்து சோபாவுக்கு 2.4 மீட்டர். நடுவிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு ஸ்பீக்கர் 2.47 மீட்டரிலும் மற்றது 2.78 மீட்டரிலும் இருக்கும். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வேறுபாடு. ஒலிக்கு அது கிட்டத்தட்ட ஒரு மில்லி விநாடிப் பயணம். அந்த ஒரு மில்லி விநாடி போதும், நடுவில் நிற்க வேண்டிய பாடகி அருகிலுள்ள பெட்டிக்குள் போய் ஒட்டிக்கொள்வதற்கு. அதாவது, ஒரே பாட்டைக் கேட்கும்போது என் கணவருக்குப் பாடகி இடப்பக்க மூலையிலும் எனக்கு வலப்பக்க மூலையிலும் நின்று பாடிக்கொண்டிருப்பார். மூன்று லட்சம் செலவழித்து வாங்க வேண்டிய அனுபவம் அல்ல அது.

இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. ஸ்பீக்கர்களை நேராக வைக்காமல், அவற்றின் பார்வைக் கோடுகள் சோபாவுக்கு முன்னாலேயே ஒன்றையொன்று வெட்டும்படி நன்றாக உள்நோக்கித் திருப்பிவிட வேண்டும். அப்போது இடப்பக்கம் இருப்பவருக்கு இடப்பக்க ஸ்பீக்கர் பக்கவாட்டாகவும், தூரத்திலுள்ள வலப்பக்க ஸ்பீக்கர் நேர்முகமாகவும் அமைகின்றன. நேர்முக ஒலி சற்று உரக்க வருவதால், தாமதத்தால் சாய்ந்த தராசு ஓரளவு நிமிர்கிறது. ஆனால் பக்கவாட்டிலும் ஸ்பீக்கரின் குணம் மாறாமல் இருந்தால்தான் இது பலிக்கும். அங்கேதான் கேஇஎஃப் முன்னே வந்தது. அதில் மேற்சுருதிகளை ஒலிக்கும் சிறிய யூனிட்டான ட்வீட்டர் தனியாக மேலே இல்லை. பெரிய கூம்பின் நடுமையத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. கீழ்ச்சுருதியும் மேற்சுருதியும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால், பக்கவாட்டில் நகர்ந்தாலும் குரலின் நிறம் அவ்வளவாக மாறுவதில்லை.

டைனாடியோவை இந்தக் கட்டத்தில் வருத்தத்தோடு விட்டோம். கீழ்ச்சுருதிக்கு உதவும் அதன் காற்றுத்துளை பின்பக்கம் இருக்கிறது. சுவரிலிருந்து நல்ல இடைவெளி கொடுத்தால் அது தன் முழுத் திறமையைக் காட்டும். எங்களால் ஒன்றரை அடிதான் கொடுக்க முடியும். பதினான்கடி நீளக் கூடம் 40 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே குமுறும் என்பதால், அந்தத் தாராளமான கீழ்ச்சுருதியை எங்கள் சுவர்கள் இரட்டிப்பாக்கி அண்டை வீட்டாருக்கும் அனுப்பிவைக்கும். கேஇஎஃபுக்கும் துளை பின்னால்தான். ஆனால் அது சிறிய பெட்டி, துளையை அடைக்க நுரைத் தக்கையும் உடன் வருகிறது.

கடைக்காரர் நல்லவர். அட்டையில் முழுத் தொகையையும் பிடித்து வைத்துக்கொண்டு, கேஇஎஃபை சனி மாலையிலிருந்து திங்கள் காலை வரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஹார்பெத் வைத்திருக்கும் அடையாற்று நண்பர் ஒருவர் தம்முடையதையே காரில் கொண்டுவந்து இறக்கினார். ஸ்பீக்கரின் தோற்றமும் பெயரும் காதை ஏமாற்றும் என்பது புதிய செய்தியல்ல. ஒலி ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல், ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னாலும் திரை இல்லாமலும் கேட்கவைத்து மதிப்பெண் வாங்கியபோது, பெட்டி கண்ணில் பட்டதுமே மதிப்பெண்கள் இடம்மாறின. ஆகவே நாங்களும் ஜன்னல் கம்பியிலிருந்து பால்கனிக் கதவின் கைப்பிடி வரை கொடிக்கயிறு கட்டி, என் கணவரின் மெல்லிய எட்டு முழ வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டோம். ஒருவர் பின்னால் நின்று பெட்டியை மாற்றிப் பனானா பிளக்கைச் செருக வேண்டும். மற்றவர் சோபாவில் நோட்டோடு இருக்க வேண்டும். மாற்றுவதற்கு ஒன்றரை நிமிடம் ஆனது. காதின் நினைவு அவ்வளவு நீளமானதல்ல என்பதால், முப்பது விநாடிப் பகுதிகளையே திரும்பத் திரும்ப ஓட்டினோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு வைகாசிப் புழுக்கத்தில் இதைச் செய்ததால், நோட்டின் அந்தப் பக்கங்களில் மை கலைந்திருக்கிறது. கூடத்தில் கைதட்டினால் டைல்ஸ் தரை ‘ணங்’ என்று திருப்பித் தரும். பரணிலிருந்த பவானி ஜமுக்காளத்தை விரித்தபின் அந்த ‘ணங்’ கொஞ்சம் மழுங்கியது.

நடுவில் தனியாக உட்கார்ந்து கேட்டபோது, எட்டுச் சுற்றுகளில் ஆறு முறை எனக்குப் பிடித்தது ஹார்பெத். அவருக்கும் ஐந்து முறை அதுவே என்பதைத் திரையை விலக்கிய பிறகு அவர் நம்ப மறுத்தார். பிறகு நண்பரைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, துணிக்குவியலை அதன் இடத்திலேயே விட்டு, வழக்கம்போல் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தோம். இரண்டு ஜோடிகளையும் ஒரே அளவுக்கு உள்நோக்கித் திருப்பியிருந்தோம். ஒன்றில் பாடகி இருவருக்கும் பொதுவாக வேட்டியின் நடுமடிப்பை ஒட்டி நின்றார். மற்றதில் குரல் அழகாக இருந்தும், நான் முன்னே சாயும்போதெல்லாம் சற்று நகர்ந்தார். இருவரும் பேசாமல் வேட்டியை நோக்கி விரலை நீட்டினோம். இரண்டு விரல்களும் ஒரே இடத்தைக் காட்டியது அப்போதுதான். அது கேஇஎஃப்.

குரலில் ஒரு துளி வெதுவெதுப்பு குறைவு என்ற குறை எனக்கும், தொப்பியில் அடிவயிறு இல்லை என்ற குறை அவருக்கும் இன்றும் உண்டு. அந்தக் குறைகளைச் சேர்ந்தே கேட்கிறோம். வாங்கும் அன்று நாற்பதாயிரம் ரூபாய் ஒயர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும்படி கடைக்காரர் சொன்னார். மூன்று மீட்டர் நீளத்துக்குப் போக வர 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை 0.04 ஓம்தான் என்று நான் சொன்னதும், அவர் சிரித்துக்கொண்டே சாதாரண ஒயரை அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டார். நிறத்தில் மட்டும் சண்டை வந்தது, கறுப்பு வென்றது. பெயர் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றாலும் அவை புத்தக அலமாரியில் இல்லை. ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி இருபத்துநான்கு அங்குல ஸ்டாண்டின்மேல் நிற்கின்றன.

ஒரே ஒரு தொல்லை இருக்கிறது. காலையில் வீடு துடைக்க வரும் அக்காவுக்கு, அவை இரண்டும் கோணலாக உள்நோக்கித் திரும்பி நிற்பது கண்ணில் உறுத்துகிறது. துடைத்து முடித்ததும் இரண்டையும் சுவருக்கு நேராக, அணிவகுப்பில் நிற்பவர்களைப் போல நிறுத்திவிட்டுப் போகிறார். ஸ்டாண்டின் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் என் கணவர் தரையில் ஒட்டிய நீல டேப்பையும், யாரோ குழந்தைகள் ஒட்டியது என்று நினைத்து இரண்டு முறை உரித்துப் போட்டுவிட்டார். இப்போது ஒவ்வோர் இரவும் ஒன்பதரை மணிக்கு, பாட்டைப் போடுவதற்கு முன் என் கணவர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் போய் ஸ்பீக்கர்களைத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்காருகிறோம்.