காக்கைக்குத் தெரிந்த ஒரே சொல்

ராத்திரி தூக்கம் வராமல் அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் 'ரேவன்' (அண்டங்காக்கை) கவிதையைத் திரும்ப எடுத்தேன். 1845இல் வந்தது. டிசம்பர் நள்ளிரவு, அணையப்போகும் கணப்பு, இறந்துபோன காதலி லெனோரை மறக்கப் பழைய புத்தகம் புரட்டும் ஒருவன். கதவு தட்டும் சத்தம். திறந்தால் வெறும் இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து "லெனோர்?" என்று மெல்லக் கேட்கிறான். எதிரொலி மட்டும் திரும்பி வருகிறது. எனக்கு அண்டங்காக்கையைவிட இந்த இடம்தான் பயம்.

அப்புறம் காக்கை வந்து, கதவுக்கு மேலே இருக்கும் கிரேக்க தேவதை பல்லாஸ் சிலையில் உட்கார்கிறது. அதற்குத் தெரிந்தது ஒரே சொல்: 'நெவர்மோர்', அதாவது 'இனி இல்லை'. (முதலில் கிளியைத்தான் யோசித்தாராம் போ. நல்லவேளை!) அது தெரிந்தபிறகும் அவன் கேள்வி கேட்பதை நிறுத்துவதில்லை. லெனோரை மறுபடி பார்ப்பேனா என்றுகூடக் கேட்கிறான்.

அம்மா போனபிறகு இரண்டு மாதம் அவர் நம்பருக்கு நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன், சுவிட்ச் ஆஃப் என்று தெரிந்தே.

கவிதை வந்தபோது போவின் மனைவி வர்ஜீனியா காசநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 1847 ஜனவரியில் இறந்தார். வயது 24.