யார் வீட்டுல இடம் இருக்கு?

தெருநாய்களை மீட்கும் எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் ஒருவராவது கேட்கும் கேள்வி இது. மருந்துக்குப் பணம் வேண்டுமென்றால் எப்படியோ புரட்டிவிடுகிறோம். நாயைப் பிடிக்க ஆளும் கிடைத்துவிடும். அதற்கப்புறம் அந்த நாய் இரண்டு மூன்று வாரம் எங்கே படுக்கும் என்பதில்தான் எல்லாமே நின்றுபோகிறது.

நாங்கள் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் இருக்கிற சில பேர். வங்கி வேலை, ஆசிரியர் வேலை, கல்லூரிப் படிப்பு என்று ஆளுக்கொரு பாடு. எங்களுக்கென்று காப்பகம் கிடையாது, ஆம்புலன்ஸ் கிடையாது. இருப்பது எங்கள் வீடுகளும் ஓர் ஆட்டோ அண்ணனும்தான். நாய் ஏறுகிறது என்று அவர் ஒருநாளும் கூடுதல் காசு கேட்டதில்லை. பின்சீட்டில் விரிக்கப் பழைய பேனர் ஒன்றை அவரே மடித்து வைத்திருக்கிறார்.

வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "மேடம், இங்க ஒரு நாய் அடிபட்டுக் கெடக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க." உடனே ஒரு போட்டோவும் லொகேஷனும் கேட்போம். அடுத்து, "நாங்க வர்ற வரைக்கும் பக்கத்துல நிக்க முடியுமா?" என்று கேட்போம். இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் அந்த நாயின் உயிர் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. அடிபட்ட நாய் கிடந்த இடத்திலேயே கிடக்காது. கார் அடியிலோ புதருக்குள்ளோ கால்வாய்க்குள்ளோ ஊர்ந்து போய் ஒளிந்துகொள்ளும். நாங்கள் போய்ச் சேரும்போது ரத்தத் தடம் மட்டும் இருந்து, நாயைத் தேடித் தேடிக் கிடைக்காமல் திரும்பிய நாட்கள் உண்டு. வேளச்சேரி மெயின் ரோட்டில் இளநீர்க் கடைக்காரர் ஒருவர் வியாபாரத்தை விட்டுவிட்டு, வண்டியை நாய்க்கு அணையாக நிறுத்தி, நாங்கள் வரும்வரை டிராஃபிக்கைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த நாயைக் காப்பாற்றியவர் அவர்தான்.

வலியில் இருக்கும் நாய் கடிக்கும். எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கடிக்கும். அதனால் தூக்குவதற்கு முன் அகலமான பேண்டேஜ் துணியாலோ பருத்தி துப்பட்டாவாலோ வாயைச் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்காக இழுத்து, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுவோம். வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் வாயைக் கட்டக் கூடாது. மூக்கும் வாயும் மூடாதபடி கனமான துண்டைச் சுற்றித்தான் தூக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரையும் முதலில் முன்தடுப்பு ரேபிஸ் ஊசி போட்டுக்கொண்டு வரச் சொல்கிறோம். முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசி. அதைப் போட்டிருந்தாலும், கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மறுபடி இரண்டு ஊசி போட்டே ஆக வேண்டும். இதில் யாருக்கும் சலுகை தருவதில்லை. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

எலும்பு முறிவு, பெரிய அறுவை சிகிச்சை என்றால் வேப்பேரிக்குத்தான் போவோம். 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. கட்டணம் எங்களால் தாங்கக்கூடியது. ஆனால் தாம்பரத்திலிருந்து காலையிலேயே கிளம்பி, டோக்கன் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, திரும்பி வருவதற்குள் ஒரு முழு நாள் போய்விடும். யாரோ ஒருவர் ஆபீசில் லீவு சொல்லியிருப்பார். சிகிச்சை பில்லை அப்படியே குழுவில் போட்டுவிடுவோம்; கொடுக்க நினைப்பவர்கள் நேராக கிளினிக்குக்கே ஜிபேயில் அனுப்புகிறார்கள். யார் கையிலும் பணம் தங்காமல் இருப்பதால் இத்தனை வருடமாகச் சண்டையில்லாமல் ஓடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், நிறைய பேருக்கு இது தெரிவதில்லை. நாங்கள் தூக்குகிற நாய்களில் பெரும்பாலானவை யார் வீட்டுக்கும் போவதில்லை. குணமானதும் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, எடுத்த தெருவிலேயே திரும்ப விடுகிறோம். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. காதில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். "எடுத்துட்டுப் போறீங்க இல்ல, அப்படியே எங்கயாவது விட்டுருங்க" என்பவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசுவோம். தெரியாத தெருவில் விட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கிற நாய்கள் கடித்துக் குதறிவிடும். காலியான இந்தத் தெருவுக்கு ஊசியும் ஆபரேஷனும் ஆகாத வேறு நாய்கள் வந்து சேரும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லி நாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னபோது இங்கேயும் போன் மேல் போன். அந்த மாதம் 22ஆம் தேதியே அதை மாற்றி, வெறி பிடித்தவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் தவிர மற்ற நாய்களைக் கருத்தடைக்குப் பிறகு எடுத்த இடத்திலேயே விடச் சொல்லிவிட்டார்கள். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களை மட்டும் அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த வளாக நாய்களுக்கு யார் எங்கே இடம் தருவார்கள்? மறுபடி அதே கேள்விதான்.

வீடு தேட வேண்டியவை தெருவுக்குத் திரும்பவே முடியாத நாய்கள். தாயில்லாத குட்டிகள், கண் போனவை, பின்னங்கால் இழுத்துப் போனவை, வீட்டில் வளர்ந்து ஒருநாள் காரிலிருந்து இறக்கிவிடப்பட்டவை. பனிநாட்டு இனமான ஹஸ்கிகூட வந்திருக்கிறது, சென்னை வெயிலில், முடியெல்லாம் சிக்குப் பிடித்து. வயிற்றில் கட்டியோடு வரும் பெண் லாப்ரடார்களைப் பார்த்தால், குட்டி போட்டுப் போட்டு விற்கவே வைத்திருந்தார்கள் என்பது மார்க்காம்பிலேயே தெரிந்துவிடும். அவற்றைப் பற்றி எழுத எனக்கு மனம் வருவதில்லை.

சாக்குக் குட்டிகளைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஏரிக்கரையிலோ மீன் மார்க்கெட் பின்னாலோ சாக்கிலும் அட்டைப்பெட்டியிலும் குட்டிகளை விட்டுப் போவார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் அத்தனையும் பெண். ஆண் குட்டிகளை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், மிச்சமாகிறவை இவை. பெண் நாய் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், 63 நாளில் குட்டி போடும், யார் பார்ப்பது என்ற பயம். ஒரே ஒரு ஆபரேஷனில் தீர்ந்துபோகிற பயத்துக்காகக் கண் திறந்து சில நாளே ஆன உயிர்களைச் சாக்கில் கட்டுகிறார்கள் என்பதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

போன மழைக்காலத்தில் அப்படி வந்த நான்கு பேர் என் வீட்டுக் கடைசி அறைக்கு வந்தார்கள். என் மாமியார் பெயர் வைத்தார்: மிளகு, கடுகு, சீரகம், வெந்தயம். அஞ்சறைப் பெட்டி வெளியே வந்துவிட்டது என்று என் கணவர் சொன்னார்.

ஃபாஸ்டர், அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை நாயைத் தற்காலிகமாக நம் வீட்டில் வைத்துக்கொள்வது, என்றால் சோறு போட்டுப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். முதல் இரண்டு வாரம் தனிமை. வேறு நாய் எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாது, போகிற நமக்குத் தனிச் செருப்பு. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு மாதம் வரை. நாளைக்கு நான்கு வேளை, குழைந்த சாதத்தோடு வேகவைத்த கோழி. உப்பு வேண்டாம், வெங்காயம் வேண்டவே வேண்டாம். இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது: குட்டிக்கு வீடு என்றால் என்ன என்று பழக்குவது. குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், துடைப்பம், தலையில் ஹெல்மெட்டோடு வருகிற மனுஷன். இவற்றை இந்த வயதிலேயே கேட்டும் பார்த்தும் பழகிய குட்டி புது வீட்டில் மிரளாது. கூண்டிலேயே வளர்ந்து தத்துப் போகிற நாய், முதல் விசிலுக்கே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அதைப் பார்த்து "இது சரிப்படாது" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கூண்டு போதாது, ஒரு வீட்டு அறை வேண்டும் என்று நாங்கள் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

வெந்தயம், குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயில் போய்விட்டாள். காலையில் சாப்பிடாமல் மூலையில் படுத்திருந்தாள், மதியம் வாந்தி, சாயங்காலம் ரத்தக் கழிச்சல். அந்த வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. கிளினிக்கில் ட்ரிப்ஸ் ஏற்றியும் தங்கவில்லை. கடுகுக்கும் தொற்றியது. அவள் எப்படியோ எழுந்து நின்றாள்; மூன்றாம் நாள் தானாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடந்துபோனதைப் பார்த்து மாமியார் அழுதுவிட்டார். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், ஏன், ஒரு வருடம் வரைகூட இருக்கும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையையும் சுவரையும் கழுவினோம், துணிகளை எரித்தோம். அப்படியும் பல மாதத்துக்குத் தடுப்பூசி முடியாத குட்டி எதையும் என் வீட்டில் வைக்க முடியாது. அந்தச் சமயத்தில் குழுவில் இரண்டு வீடுகள்தான் குட்டிகளுக்கு இருந்தன. அதில் ஒன்று இப்படி மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த சாக்குகளுக்கு என்ன பதில் சொன்னோம் என்று நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது.

வீடு தேடும் வேலைக்கு வருகிறேன். சீரகம் வெளிர்ப் பழுப்பு, போட்டோ போட்ட அன்றே ஆள் வந்துவிட்டது. கடுகு, நோயில் பிழைத்தவள் என்ற கதைக்காகவே போனாள். மிளகு கறுப்பு, அதோடு பெண். "ஆண் குட்டி இல்லையா? வெள்ளை இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைப்பார்கள். கறுப்பு நாய் போட்டோவில் வெறும் நிழலாகத்தான் விழும். ஃப்ளாஷ் போடாமல் காலை ஏழு மணி வெயிலில், கண்ணில் வெளிச்சம் விழும்படி தரையோடு தரையாகப் படுத்து எடுக்க வேண்டும். குழுவில் ஒரு கல்லூரிப் பையன் இதற்கென்றே இருக்கிறான்.

கேட்கிற எல்லோருக்கும் கொடுத்துவிடுவதும் இல்லை. "பண்ணை வீட்டுக்குக் காவலுக்கு" என்றால் மறுப்போம். அங்கே அதன் வாழ்க்கை ஒரு சங்கிலியின் நீளம்தான். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் நாங்களே பேசுவோம். நேரில் போய் பால்கனிக் கம்பி இடைவெளி, கேட்டுக்குக் கீழே உள்ள சந்து, மொட்டைமாடிச் சுவரின் உயரம் பார்ப்போம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் யாருக்கும் நாய் தர மாட்டோம். பழகாத வீட்டில் வெடிச்சத்தம் கேட்டால் வாசல் வழியாக ஓடிவிடும், திரும்பி வரும் வழி அதற்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தில் கறாராக இருப்போம்: வயது வந்ததும் கருத்தடை செய்தாக வேண்டும், வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்களிடமே திருப்பித் தர வேண்டும்.

மிளகைக் கேட்டு வந்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். அப்பா அம்மா சரி என்றுவிட்டார்கள், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். "பாட்டிக்குப் பிடிக்காது, ஆனா பழகிடுவாங்க" என்றாள். எங்கள் குழுவின் மூத்த அக்கா, பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, உடனே சொன்னார்: "பகல் முழுக்க நாய்கூட இருக்கப் போறது உங்க பாட்டிதாம்மா. அவங்க வந்து பார்க்காம நாங்க தர மாட்டோம்."

அடுத்த ஞாயிறு பாட்டி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கேட்டார். "ராத்திரியெல்லாம் கத்துமா?" "என்ன சாப்புடும்?" "எங்க போவும்?" இத்தனை வருடத்தில் தத்தெடுக்க வந்தவர்கள் கேட்டதில் இவைதான் மிகச் சரியான கேள்விகள். பதில் சொன்னது நான் இல்லை, என் மாமியார். பேப்பரில் போகப் பழக்கிய விதம், சாதம் எவ்வளவு குழைய வேண்டும், மிக்ஸிக்குக் குரைக்க மாட்டாள், பிரஷர் போகிற சத்தத்துக்கு மட்டும் தலையைச் சாய்ப்பாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு பேரும் காபி குடித்து முடிப்பதற்குள் நாயை விட்டு முழங்கால் வலிக்குப் போய்விட்டார்கள். மிளகு பாட்டியின் செருப்பு மேலேயே தூங்கிவிட்டாள். "சரி, வரட்டும். மாடி ஏறத் தெரியுமா இதுக்கு?" என்றார் பாட்டி.

முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தோம். இரண்டாம் நாளே பாட்டி போன் செய்தார், தயிர்சாதம் கொடுக்கலாமா என்று கேட்க. அப்புறம் மாதாமாதம் போட்டோ வந்துகொண்டிருக்கிறது. கருத்தடையும் முடிந்துவிட்டது.

இப்போது என் அறையில் ஐந்து வயது லாப்ரடார் ஒருத்தி இருக்கிறாள். கட்டியை எடுத்தாகிவிட்டது, காயமும் ஆறிவிட்டது. பட்டாசுக்கும் இடிக்கும் மட்டும் பயம், குழந்தைகள் என்றால் உயிர். அவளுக்கு வீடு வேண்டும். அவள் போனால்தான் குழுவில் காத்திருக்கும் அடுத்த நாய்க்கு என்னால் கதவைத் திறக்க முடியும். நாயை வைத்துக்கொள்ள முடியாதவர்களிடம் ஜன்னல் உள்ள ஓர் அறை மூன்று வாரத்துக்கு இருந்தாலும் சொல்லுங்கள். சாப்பாடு, மருந்து, டாக்டர் எல்லாம் எங்கள் பொறுப்பு. அவளைப் பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு காலை வாருங்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாமியார் காபி போட்டுத் தருவார்.