வேடந்தாங்கலைச் சுற்றி ஒரு வட்டம்

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் எழுபத்து நான்கு. மதுராந்தகம் பக்கம் இதைவிடப் பெரிய ஏரிகள் எத்தனையோ உண்டு. ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும் பறவைகள் இந்த எழுபத்து நான்கு ஏக்கரிலேயே இரை தேடிக் குஞ்சு வளர்த்துவிட்டுப் போகின்றன என்று நினைப்பவர்கள், தை மாதத்தில் ஒரு காலை ஏழு மணிக்கு எங்கள் பக்கத்து நஞ்சையில் வந்து நின்று பார்க்க வேண்டும். நவரை என்னும் நெல் பட்டத்துக்குச் சேறு கலக்கிய வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் வரிசைகட்டி நிற்கும். அவற்றுக்கு வேண்டியது நத்தை. நத்தைக்கு வேண்டியது தண்ணீர் நிற்கும் வயல். அரிவாள்மூக்கன்கள் உழவுக்குப் பின்னாலேயே நடந்து வரும்.

கார்த்திகை, மார்கழியில் கூடு, தை, மாசியில் குஞ்சு. நவரை நடவும் அதே சமயம்தான். சோறும் பறவையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு பொருத்தமே பதில். ஏரி, பறவைக்குப் படுக்கை மட்டும்தான். சாப்பாடு வெளியே, பட்டா நிலத்தில் இருக்கிறது.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். நில விவரம் சொல்லும் அ-பதிவேடும், எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கலும், நில அளவை வரைபடமான புலப்படமுமே என் உலகம். அதனால் எல்லை என்று யாராவது சொன்னால் உடனே சர்வே எண்ணைத் தேடும் புத்தி எனக்கு. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு 1998ஆம் ஆண்டு அரசு வகுத்த எல்லையில் அந்தச் சிக்கல் இல்லை. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், அவ்வளவுதான். காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம். 2020இல் அதன் ஒரு பகுதியைச் சரணாலயத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு முன்மொழிவு வந்து, பெரிய எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். அதில் மாற்றமில்லை. ஆனால் வட்டம் நிலைத்துவிட்டது என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்களே, அதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

தண்ணீர் வட்டமாக ஓடுவதில்லை. மேலே இருக்கும் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, வரத்துக் கால்வாயில் இறங்கிக் கீழே உள்ள ஏரிக்கு வருகிறது. இந்தத் தொடரில் எங்கே மண் கொட்டினாலும் அடி கடைசி ஏரிக்கு. அந்த இடம் ஐந்து கிலோமீட்டருக்கு உள்ளே இருந்தால் என்ன, ஐந்தரையில் இருந்தால் என்ன? நாரையும் இரை தேடி ஐந்தாவது கிலோமீட்டரில் திரும்பிவிடாது.

நம்முடைய பழைய கணக்குகள் இதைத் தெரிந்து வைத்திருந்தன. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கிலேயர் கம்பெனிக்கு நவாப் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீர் பகுதி முழுவதையும் அளந்தபோது, நஞ்சை, புஞ்சையோடு ஏரி, தோப்பு, கால்வாய், குன்று என ஒவ்வோர் ஊரின் நிலமும் தனித்தனியாகப் பதிவானது. பின்னால் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் காலத்தில்தான், பறவைகளைச் சுடும் சிப்பாய்களைத் தடுக்கச் சொல்லி வேடந்தாங்கல்காரர்கள் போய் நின்று கௌல் என்னும் உறுதிப் பத்திரம் வாங்கி வந்ததாகச் சொல்வார்கள். (மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் ராமர் காத்தார் என்று சொல்லும் ஏரிகாத்த ராமர் கதையில் வரும் அதே பிளேஸ்தான். ஏரி விஷயத்தில் மனிதர் கொடுத்து வைத்தவர்.) ஊரார் அன்று போனது வெறும் ஜீவகாருண்யத்தால் அல்ல. எச்சம் கலந்த தண்ணீர் மதகு வழியே இறங்கினால் பயிர் தழைக்கும், உரச் செலவு குறையும். ஏரித் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரன் பறவையைக் காத்ததில் அவன் நெல்லும் இருந்தது.

இன்று அந்த நெல்தான் ஆட்டம் காண்கிறது. நஞ்சையை மனையாக்க வேளாண் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்பது விதி. ஆனால் நிலத்தைச் சில ஆண்டுகள் சும்மா போட்டு வைத்தால் அடங்கலில் ‘தரிசு’ என்று ஏறும். பிறகு அந்தத் தரிசே சான்றுக்குச் சாட்சியாகிவிடும். மேய்க்கால் புறம்போக்கின் கதை இன்னும் மோசம். ஏதாவது கட்டடத்துக்கு இடம் தேடும்போதெல்லாம் முதலில் விரல் படுவது அதன்மேல்தான். அது மாடு மேயும் இடம் மட்டுமல்ல, மழைநீர் தவழ்ந்து கால்வாயில் சேரும் இடமும்கூட என்பதைப் பதிவேட்டில் எழுத ஒரு கட்டம் இல்லை.

கேரளத்தில் 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். ஊராட்சிதோறும் நெல்வயல்களைப் பட்டியலிட்டு, கண்காணிக்க உள்ளூர்க் குழு அமைத்தார்கள். 2018 திருத்தம் அதில் கொஞ்சம் ஓட்டை போட்டது, உண்மைதான். இருந்தாலும் 2020இல் வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று தொடங்கினார்கள். வயல், நெல்லைத் தவிர வேறு எதையோ ஊருக்குத் தருகிறது, அதற்கும் ஒரு விலை உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

இதை என் மைத்துனரிடம் சொன்னேன். அவருக்கு வட்டத்துக்குள் இரண்டு ஏக்கர் நஞ்சை. “ஏக்கருக்கு எண்ணூறு ரூபாய் ஆகிறது, மாமா. நடவு ஆட்களுக்குக் காபி வாங்கிக் கொடுக்கச் சொல்கிறீர்களா? உங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது, நாரையைப் பற்றிப் பேசலாம்” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. சாலை ஓரத்தில் மனை விற்கும் விலைக்கு முன்னால் எந்த ஊக்கத்தொகையும் நிற்காது. ஆனால் நவரைக்குத் தண்ணீர் கட்டி நட்ட வயலுக்கு மட்டும், அடங்கலைப் பார்த்து, நடவுக் கூலிக்காவது ஈடாக ஒரு தொகை தந்தால் அவரைப் போன்றவர்கள் இன்னும் பத்து வருடம் தாக்குப்பிடிப்பார்கள் என்பது என் கணக்கு. அது எப்போது நடக்குமோ.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று, வரத்துக் கால்வாயைப் புலப்படப்படி அளந்து இரு கரையிலும் கல் நட வேண்டும் என ஒரு மனு எழுதியிருக்கிறேன். அடுத்த கிராம சபையில் வைக்கப் போகிறேன். மைத்துனரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் வயல் அந்தக் கால்வாயின் கடைமடையில் இருக்கிறது.